மேடை ஏறட்டும் நம் பிள்ளைகள்!

வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளையும் பாட்டென்றால் முணுமுணுக்கும். லயத்தில் குடியிருக்கும் தாய்மார்கள் எல்லாரும் கண்டறிந்த உண்மை இது. "என்னப்பா, உன் மனசுல என்னதான் இருக்கு?" என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் பதினான்கு வயதுப் பையன். அவனே குளிக்கும்போது கதவு அதிரப் பாடுகிறான். பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் தலை குனியும் பெண்பிள்ளை, கோயில் திருவிழாவில் கரகாட்டப் பாட்டைக் கேட்டதும் தன்னை மறந்து தாளம் போடுகிறாள். பேச்சு அடைத்துக்கொண்ட இடத்தில் பாட்டு வழி கண்டுபிடிக்கிறது.

அந்தப் பாட்டோடு ஒரு கதையையும் சேர்த்து, நான்கு பேர் பார்க்க நடிக்கவும் செய்தால் அதுதான் இசை நாடகம். இது பொழுதுபோக்கு மட்டும்தானா? துன்பத்தில் தடுமாறும் இளம் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தும் துணையாகவும் இருக்க முடியுமா? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சிந்திக்க இருக்கிறோம்.

நம் கேமரன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களில் நம் பாட்டன் பாட்டிகளும் இருந்தார்கள். கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே, பனியிலும் குளிரிலும் கொழுந்து பறித்துத்தான் அவர்கள் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். இன்று பல லயங்கள் மாறிவிட்டன. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்தில் வேலை செய்கிறார்கள். நம் குடும்பங்களில் பல பட்டணங்களுக்குப் போய்விட்டன. இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ சுமை குறையவில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தாய்மொழியில் படித்த பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே பாடம் மலாய் மொழியில். பக்கத்தில் புதிய முகங்கள். "எந்த இடம்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா களைத்திருக்கிறாள். சில வீடுகளில் அப்பா குடித்திருக்கிறார். படிப்பை விட்டுவிடலாமா, மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகலாமா, பட்டணத்துக்கு ஓடிவிடலாமா என்று மனம் அலைகிறது. இந்த அலைச்சலை யாரிடம் சொல்வது? அதற்கான வார்த்தையும் அதனிடம் இல்லை. கேட்கும் காதும் இல்லை.

பாட்டுக்குள் இருக்கும் பலம்

பாடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, அடக்கி, அளவாக விட வேண்டும். பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாக ஓடும். பாட்டு அதை இழுத்துப் பிடித்து நிதானப்படுத்துகிறது. திக்கிப் பேசுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. இது உலகெங்கும் கண்டறியப்பட்ட செய்தி. படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் மெட்டோடு சொன்னால் நூறு வரி மனத்தில் நின்றுவிடும். நம் பாட்டிமார் எழுத்தறியாமலே எத்தனை தாலாட்டும் ஒப்பாரியும் வைத்திருந்தார்கள்!

பலர் கூடிப் பாடும்போது இன்னொன்றும் நடக்கிறது. தனியாகப் பாட வெட்கப்படும் குரல், கூட்டத்தில் மறைந்து நின்று தைரியம் பெறுகிறது. முதல் நாள் உதடு மட்டும் அசையும், மூன்றாம் வாரம் குரல் வரும், ஆறாம் வாரம், "ஒரு வரி நான் தனியாகப் பாடட்டுமா?" என்று அதுவே கேட்கும்.

பிறகு வேடம். "நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் பிள்ளை சொல்லாது. "காட்டில் தனியாக விடப்பட்ட அந்த இளவரசன் ஏன் அழுகிறான்?" என்று கேளுங்கள், சொல்லிவிடும். கதை ஒரு போர்வை. அதைப் போர்த்திக்கொண்டு பிள்ளை தன் துக்கத்தை வெளியே கொண்டுவருகிறது. நாடகம் முடிந்ததும் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் அதைப் பார்த்து, "உன் கதையா?" என்று கேட்க முடியாது.

சுவாமிகளின் பிள்ளைகள்

இதெல்லாம் வெளிநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். நூறாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் தமிழும் சொல்லிக்கொடுத்து மேடையேற்றிய ஒரு பெரியவர் இருந்தார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்றால் நாடக உலகமே கையெடுத்துக் கும்பிடும்.

தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் அவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். சுமார் 40 நாடகங்கள் எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று நம் தாத்தாக்கள் விடிய விடியக் கண்விழித்துக் கேட்ட நாடகங்களெல்லாம் அவர் கைவண்ணமே. பெரியவர்களை வைத்து நாடகம் நடத்தியபோது ஒழுங்கு நிற்கவில்லை. ஆகவே சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்துவதென்று முடிவு செய்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார்.

அந்த மதுரைச் சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி. கே. சண்முகம். அந்தச் சிறுவன் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். ஒரு குழந்தைக்காக ஒரு புலவர் இரவெல்லாம் கண்விழித்து எழுதுகிறார் என்றால், அந்தக் குழந்தையின் மனம் எப்படிப் பூரித்திருக்கும்! "உனக்காக ஒருவர் நேரம் ஒதுக்குகிறார்" என்ற எண்ணத்தைவிடப் பெரிய மருந்து வாடிய பிள்ளைக்கு உண்டா?

சுவாமிகளின் வழியில் பல பாலர் சபைகள் தோன்றின. 'பாய்ஸ் கம்பெனி' என்று சொன்னால்தான் அந்தக் காலத்தவருக்குப் புரியும். அங்கே யார் யார் போனார்கள்?

இலங்கை மலைநாட்டில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தது ஒரு குழந்தை. தந்தை இறந்துவிட, தாய் பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து வறுமையில் வாடினார். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். அந்தத் தம்பிதான் எம். ஜி. ஆர்.

நாகர்கோயில் பக்கத்தில் பந்து பொறுக்கிப் போட்டும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் திரிந்த ஏழைப் பையன் டி. கே. எஸ். சகோதரர்களின் சபையில் சேர்ந்து கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆனான்.

சிறு வயதில் தந்தையை இழந்து, நீலகிரி மலையில் ஊட்டியில் உறவினர் வீட்டில் வளர்ந்த ஒரு பையன், பதின்மூன்றாம் வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் சபையில் சேர்ந்தான். 3 ரூபாய் சம்பளத்தில் 1 ரூபாயைத் தனக்கு வைத்துக்கொண்டு 2 ரூபாயைத் தாய்க்கு அனுப்பினான். திரையில் வில்லனாக நம்மை நடுங்க வைத்த எம். என். நம்பியார்தான் அவர்.

பெண்பிள்ளை ஒருத்தியையும் சொல்ல வேண்டும். கொடுமுடியில் 1908இல் பிறந்த ஏழைச் சிறுமி ரயிலில் பாடிக் காசு பெற்றுக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டவர்கள் நாடக மேடைக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் சிறுமி கே. பி. சுந்தராம்பாள் ஆகி, பின்னாளில் சென்னை சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.

மகரக்கட்டு: மறைந்திருந்த சோகம்

இதைக் கேட்டுவிட்டு, "ஆகா, நம் பிள்ளையும் எம். ஜி. ஆர். ஆகிவிடும்!" என்று யாரும் கனவு காண வேண்டாம். புகழடைந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. அவர்களோடு அதே கொட்டகைத் தரையில் படுத்துறங்கி, பெயர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சுகமானதன்று. ஊர் ஊராக அலைச்சல், இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம், தவறினால் பிரம்படி. வீட்டுக்குப் போக அனுமதி எளிதில் கிடைக்காது. சிவாஜி கணேசன் தாம் அநாதை என்று பொய் சொல்லித்தான் சபையில் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். பெற்ற தாய் தந்தை இருக்கும்போதே அப்படிச் சொல்லும் அளவுக்கு ஒரு சிறுவனுக்கு மேடை ஆசை! ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை வீட்டைப் பிரிந்த வாழ்வு.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. அதற்கு நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடையும் அல்லவா? அதுதான். நேற்றுவரை குயிலாகப் பாடி ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் நின்ற பையனுக்கு, இன்று சுருதி சேராது. மெல்ல மெல்ல வேடம் குறையும். கைதட்டல் வேறொரு சிறுவனுக்குப் போகும். எடுபிடி வேலைக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு.

பெற்றோர்களே, சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குத் துணை மிகுதியாகத் தேவைப்படும் வயது எது? குரல் உடைந்து, முகம் மாறி, நான் யார் என்று தவிக்கும் அந்த வயதுதானே? அந்த நேரத்தில்தான் கம்பெனி அவனைக் கைவிட்டது. காரணம், கம்பெனிக்குத் தேவைப்பட்டது குரல், பையன் அல்லன்.

நமக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. நாடகத்துக்காகப் பிள்ளையைத் தேடினால் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கி எறிய நேரும். பிள்ளைக்காக நாடகத்தைத் தேடினால், குரல் உடைந்தாலும் அவனுக்கு ஓர் இடம் இருக்கும்.

தேயிலை மலையில் ஒரு கூத்து

"அதெல்லாம் மதுரையிலும் கும்பகோணத்திலும் நடந்தது. தோட்டத்துக்கு ஒத்துவருமா?" என்று கேட்கலாம். ஒத்துவரும் என்பதற்கு இலங்கை மலையகமே சாட்சி. நம்மைப்போலவே கப்பலேறிப் போய்த் தேயிலை மலையில் வாழ்ந்த மக்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக மாசி மாதத்தில் காமன் கூத்து நடத்தி வந்திருக்கிறார்கள்.

பகலெல்லாம் கொழுந்துக் கூடையும் முள்ளுக்கரண்டியும் பிடித்த கைகள் இரவில் தப்பு அடிக்கும். தோட்டத்து இளைஞர்கள் காப்புக் கட்டி விரதமிருந்து வேடம் ஏற்பார்கள். ஒருவன் மன்மதன், ஒருவன் ரதி, ஒருவன் சிவன், ஒருவன் வீரபத்திரன். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபோகிறான். ரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பலைக் கேட்டு லயத்துப் பெண்களெல்லாம் கண்ணீர் வடிப்பார்கள். ரதிக்காக அழுகிறோம் என்பார்கள். ஆனால் அந்தக் கண்ணீரில் செத்த பிள்ளைக்கும், பிரிந்த புருஷனுக்கும், விட்டுவந்த ஊருக்கும் பங்கு இருக்கும். எரிந்த காமன் மீண்டும் உயிர் பெறுவதாகக் கதை முடியும்போது, அழுத மனம் ஆறியிருக்கும்.

இதற்கு யாரும் 'சிகிச்சை' என்று பெயர் வைக்கவில்லை. கூத்து என்றே சொன்னார்கள். கூலிக்காரன் என்று பெயர் வாங்கிய வாலிபன் அந்த இரவில் சிவனாக நிமிர்ந்து நின்றான். மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது அவன் நடையிலும் சற்று மாற்றம் இருந்திருக்கும்.

போருக்கு நடுவே ஒரு பூங்கா

இனி, வேண்டுமென்றே பிள்ளைகளின் மனத்தை ஆற்றுவதற்காகவே கலையைப் பயன்படுத்திய ஓர் இடத்தையும் காண்போம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்று அதற்குப் பெயர். கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், மனநலம் பயின்ற பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதில் முன்னின்றவர்கள்.

குண்டுச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள், வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகள், ஒருவரையொருவர் கண்டால் அஞ்சிய தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். மண்ணில் பொம்மை செய்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், பாடினார்கள், சேர்ந்து நாடகம் போட்டார்கள். "உனக்கு என்ன நேர்ந்தது, சொல்" என்று அவர்களை நெருக்கவில்லை. விளையாட இடமும், கூடவே நிற்கப் பெரியவர்களும் இருந்தார்கள். சொல்ல வேண்டியதைப் பிள்ளை தானே தன் நேரத்தில் சொல்லிற்று.

யாழ்ப்பாணத்திலும் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்ற நாடக ஆசிரியர்கள் இதே எண்ணத்தோடு உழைத்தார்கள். 1978இல் அவர் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். போர் உள்ளத்தில் விட்டுச்சென்ற காயங்களைப் பொருளாகக் கொண்டு 'அன்னை இட்ட தீ' என்ற நாடகத்தையும் எழுதினார். பிரேசில் நாட்டவரான அகஸ்டோ போவால் என்பவர் வேறொரு வழி கண்டார். நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, "இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று பார்ப்பவரைக் கேட்டு, அவரையே மேடைக்கு அழைத்து நடிக்க வைத்தார். ஒரே துன்பத்துக்குப் பல வழிகள் உண்டு என்பதை ஏழை மக்கள் தாங்களே கண்டுகொள்ள அது உதவியது.

நம் தோட்டத்தில் எப்படி?

இதற்குப் பெரிய கொட்டகை வேண்டாம், திரைச்சீலை வேண்டாம், பணமும் அதிகம் வேண்டாம். கோயில் மண்டபமோ, தோட்டத்து மண்டபமோ, தலைமையாசிரியர் அனுமதி தந்தால் பள்ளி மண்டபமோ போதும். ஒரு தப்பு அல்லது உறுமி. ஆர்மோனியம் கிடைத்தால் நல்லது. பழைய பாட்டு அறிந்த ஒரு பெரியவர், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், பிள்ளைகளோடு எப்போதும் இருக்க இரண்டு தாய்மார்கள். பதினைந்து, இருபது பிள்ளைகள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம் நாடகப் பேச்சே வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து கைதட்டித் தாளம் போடட்டும். கும்மி அடிக்கட்டும். பாட்டியிடம் கேட்டுவந்த ஒரு தெம்மாங்கையோ தாலாட்டையோ ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சு தொடங்க இதுவே ஒரு சாக்கு.

நான்காம் வாரம் கதையைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் கவனம் வேண்டும். நல்லதங்காள் கதை மக்கள் உருகிக் கேட்ட கதைதான். ஆனால் வறுமை தாங்காத தாய் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். ஏற்கெனவே நொந்திருக்கும் இளம் மனத்துக்கு அந்த முடிவைப் பாட்டோடு ஊட்டக்கூடாது. துன்பம் இருக்கட்டும்; ஆனால் துன்பத்திலிருந்து வெளியேறும் வழியும் இருக்கிற கதையாக இருக்க வேண்டும். சத்தியத்தை விடாமல் சுடுகாடுவரை போய் மீண்ட அரிச்சந்திரன் கதை இருக்கிறது.

வள்ளி திருமணமோ நம் மலைக்கென்றே பிறந்தது போன்ற கதை. வள்ளி மலைநாட்டுப் பெண். தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிறவள். முன்பின் தெரியாத ஒருவன் வந்து ஆசை வார்த்தை பேசும்போது அவள் நாணிக் கோணி நிற்பதில்லை. பாட்டாலேயே திருப்பிக் கேட்கிறாள். இந்தத் தர்க்கப் பாட்டுக்காகவே மக்கள் விடிய விடியக் காத்திருந்தார்கள். தேர்ந்த நடிகர்கள் அன்றன்று புதிதாகக் கேள்வி கட்டுவார்கள். அதே மெட்டில் நம் பெண்பிள்ளைகள் தாங்களே பதில் கட்டட்டும். பேருந்து நிலையத்தில் வம்பு செய்கிறவனுக்கும், கைத்தொலைபேசியில் பசப்பு வார்த்தை அனுப்புகிறவனுக்கும் என்ன சொல்வது என்று அவர்கள் வள்ளியின் வாயால் பழகிக்கொள்வார்கள். "முடியாது" என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு அதுவே பாதிக் காவல்.

நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "இந்த இடத்தில் வள்ளி வேறு என்ன சொல்லியிருக்கலாம்?" பத்துப் பிள்ளைகள் பத்து விதமாகச் சொல்லும். எதையும் தவறென்று சிரிக்க வேண்டாம். எல்லாவற்றையும் நடித்துப் பார்க்கட்டும்.

வேடம் பிரிக்கும்போது பாய்ஸ் கம்பெனியின் மகரக்கட்டை நினைவில் வையுங்கள். நல்ல குரலுக்கு மட்டுமே இடம் என்றால், ஏற்கெனவே ஒதுங்கியிருக்கும் பிள்ளை இன்னும் ஒதுங்கும். குரல் உடைந்த பையனுக்குக் கட்டியக்காரன் வேடம் கொடுங்கள். அங்கே கரகரத்த குரலே அழகு. பாடத் தெரியாதவன் தப்பு அடிக்கட்டும். கை வேலை தெரிந்தவள் கிரீடம் செய்யட்டும். எழுதத் தெரிந்தவன் வசனம் எழுதட்டும். மேடைக்கு வரவே அஞ்சும் பிள்ளை, திரைக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கட்டும். பக்கத்து லயத்தில் வேற்றுமொழிப் பிள்ளை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளத்துக்கு மொழி இல்லை.

சில எச்சரிக்கைகள்

லயத்தில் சுவருக்கும் காது உண்டு. ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை அப்படியே மேடையேற்றினால், குடிகாரத் தகப்பன் யார், ஓடிப்போன தாய் யார் என்று ஊர் விரல் நீட்டும். பிறகு அந்தப் பிள்ளை மண்டபத்துப் பக்கமே வராது. வீட்டில் அடி விழவும் கூடும். ஆகவே சொந்தக் கதை வேண்டாம். பழங்கதையோ கற்பனைக் கதையோ போதும். பிள்ளை தன் துக்கத்தை அதற்குள் வைத்துக்கொள்ளும். நாம் அதைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் ஒத்திகை நடத்தக்கூடாது. அடியும் திட்டும் அறவே கூடாது. பரிசுக் கோப்பை வேண்டாம். யார் சிறந்த நடிகர் என்ற போட்டியும் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து குனிந்து வணங்கும்போது ஊரே கை தட்டினால் அதுவே பரிசு.

நாடகம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஒரு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் வாடினால், உடம்பில் காயத்தோடு வந்தால், "சாகலாம் போலிருக்கிறது" என்று வேடிக்கையாகச் சொன்னாலும்கூட, அதை ஒத்திகையில் தீர்த்துவிட முடியாது. பள்ளி ஆலோசகர் ஆசிரியரிடமும் அரசாங்க மருத்துவமனையிலும் சொல்ல வேண்டும். 'தாலியான் காசே' என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி 15999 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். அதை அழைப்பது மானக்கேடு அன்று, பெற்றோரின் கடமை. வீட்டில் வயிறு நிறையாத பிள்ளைக்கும் பாட்டு மட்டும் போதாது. நாடகக் குழுவின் பெரியவர்கள் ஒத்திகைக்கு வரும்போது ஒரு பானைக் கஞ்சியோ கொஞ்சம் பலகாரமோ கொண்டுவரட்டும். சுவாமிகளின் சபையும் முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது.

பத்து வாரத்துக்குப் பிறகு

பத்தாம் வாரம் நாடகம் அரங்கேறும். சுருதி விலகலாம், ஒட்டுமீசை கழன்று விழலாம், யாராவது வசனத்தை மறந்து விழிக்கலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தகப்பன், தன் மகன் நிமிர்ந்து நின்று பேசுவதை முதன்முறையாகப் பார்ப்பார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய், தன் மகளின் குரல் இவ்வளவு பெரியதா என்று வியப்பாள். பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவே மூடிக்கிடந்த கதவு அன்று கொஞ்சம் திறக்கும்.

அதற்காகத்தான் இவ்வளவும். நம் பிள்ளைகள் எல்லாரும் கலைஞர்களாக வேண்டுமென்பதில்லை. ஒருவன் லோரி ஓட்டலாம், ஒருத்தி தாதியாகலாம், ஒருவன் தோட்டத்திலேயே மண்டோராகலாம். எங்கே போனாலும் நாலு பேர் முன்னே நிமிர்ந்து நின்று, மூச்சைப் பிடித்து, தன் மனத்தில் உள்ளதைத் தெளிவாகச் சொல்ல அவர்களுக்குத் தெரிய வேண்டும். தன் வாக்கியத்துக்காக மற்றவர் காத்திருப்பதையும், மற்றவர் வாக்கியத்துக்காகத் தான் காத்திருப்பதையும் பழகியிருக்க வேண்டும்.

வருகிற திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து இசைக்குழுவை வரவழைக்கக் கோயில் கமிட்டி பணம் திரட்டும்போது, இளைஞர்களும் பெற்றோர்களும் ஒரு வார்த்தை எழுந்து கேளுங்கள்: "அந்த இரவில் ஒரு மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பாட்டும் கூத்தும் அவர்களே தருவார்கள்." மேடை நம்முடையது, கதையும் நம்முடையது. பிள்ளைகளை ஏற்றிவிடுவது ஒன்றுதான் பாக்கி.